பல் பிடுங்கிய நாளில் வந்த விருந்தாளி

கோரைத்துறையில் இன்றைக்கும் பல் பிடுங்கிக்கொண்டு வந்தவனைக் காற்றைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் உட்கார விடமாட்டார்கள். வாயில் பஞ்சோடு வருகிறவன் மீனவர் சங்கத் தலைவரே ஆனாலும், "போய்ப் படுங்க, நாளைக்கு வாங்க" என்று கையைப் பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். காரணம் கேட்டால் இன்னாசியின் கடைவாய்ப்பல்லையும், அந்தப் பல்லால் ஊருக்குள் வந்து தங்கிவிட்ட புயலையும் சொல்வார்கள். சொல்லி முடித்ததும் ஒருமுறை வானத்தை நிமிர்ந்து பார்த்து, அங்கே ஒன்றும் நிற்கவில்லை என்று கண்டு, மூச்சை நிம்மதியாக வெளியே விடுவார்கள்.

அந்த ஊருக்கு அதைவிடப் பழைய வழக்கம் ஒன்றும் உண்டு. கடலில் தான் கண்ட காற்றை ஒருவன் புகழ்ந்து பேசினால், அவன் எவர் முகத்தைப் பார்த்துப் பேசினானோ அவர் அந்தக் கணமே அந்தக் காற்றை மட்டம்தட்டி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இதற்குக் காற்றை இறக்குவது என்று பெயர். பாயை இறக்காமல் ஒருவனும் கரையேறுவதில்லை. காற்றை இறக்காமல் ஒருவனும் பேச்சை விட்டு எழுந்திருப்பதுமில்லை. ஏனென்றால் காற்றுக்குக் காது உண்டு, தன் புகழ் எங்கே பேசப்பட்டாலும் மிச்சத்தையும் கேட்டுவிட்டுப் போகலாமென்று அது திரும்பி வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

காற்றை இறக்குவதில் இன்னாசியை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் கிடையாது. வாடையைப் பற்றி ஒருவன் கண்ணை விரித்தால், "அதுவா? நான் கொட்டாவி விட்டா அதைவிடப் பலமா வரும்" என்பார். மேல்காற்றான கச்சானைப் பற்றி இன்னொருவன் மார்தட்டினால், "எங்க வீட்டு அடுப்பை அணைக்கக்கூட அதுக்குத் தெம்பு பத்தாது" என்பார். காற்று எங்கோ நடுக்கடலில் முகம் சிவந்து திரும்பிப் போய்விடும்; கேட்டவர்கள் சிரித்து எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இன்னாசியும் கித்தேரியானும் சந்தியாகுவும் ஒரே வத்தையில் பாய் விரித்துப் பழகிய கூட்டாளிகள். வத்தை என்பது அந்தக் கரையின் நீளமான மரப்படகு. காற்று பாயை ஒருபுறம் சாய்க்கும்போது படகு கவிழாமலிருக்க, மறுபுறம் கடலின்மேல் நீட்டிய பலகையின் நுனியில் ஒருவர் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கனத்த உடம்பும் அதைவிடக் கனத்த நிதானமும் கொண்ட இன்னாசிதான் பலகைக்காரர். சந்தியாகு சுக்கான் பிடிப்பான். பாய்க்கயிறு கித்தேரியான் கையில். அவன் இன்னாசியின் தங்கை அமலோற்பவத்தின் புருஷன். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் ஊரெல்லாம் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டும். கித்தேரியான் ஒருவன் மட்டும் அவிழ்த்துக்கொண்டு போவான்.

அன்று கடலுக்குப் போகாத நாள். இழுத்துப் போட்ட வத்தையின் நிழலில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். காலையில்தான் தொண்டிக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்த இன்னாசியின் கன்னம் பணியாரம்போல வீங்கியிருந்தது.

"டிவியில அந்தப் பொண்ணு சிவப்பு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கைன்னு கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுது" என்றான் சந்தியாகு. "அதைக் கேட்டதுலருந்து கித்தேரி மூஞ்சியப் பாருங்கண்ணே, ரெண்டாந்தாரத்துக்குப் பொண்ணு பார்த்த மாதிரி மலர்ந்து கெடக்கு."

"கூண்டு ஏத்துனா ஒனக்கு வயித்தக் கலக்கும், எனக்குப் பசி எடுக்கும். அவ்வளவுதாண்டா வித்தியாசம்."

"பெரிய சூரன்! பொருட்காட்சியில ராட்டினத்துல ஏறிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, மாதாவே மாதாவேன்னு கத்துனது யாரு? நானா?"

"அது கரண்டுல சுத்துறது. அதை எப்படி நம்புறது? காத்தை நம்பலாம்" என்ற கித்தேரியான், இன்னாசியின் பக்கம் திரும்பி, அவர் முகத்தை நேராகப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மச்சான், போன ஐப்பசியில நீங்கள்லாம் கதவைச் சாத்திட்டு உள்ள கெடந்தப்ப நான் தனியாப் போனேன்ல. அன்னைக்கு அடிச்சது காத்தே இல்ல மச்சான். பெத்த ஆத்தா பிள்ளையத் தூக்குற மாதிரி வத்தையோட என்னைத் தூக்குச்சு. அதுக்கு ஈடு இந்தக் கடல்ல இனிமேதான் பொறக்கணும். அது மட்டும் இன்னொரு தடவை வரட்டும், அது கூடவே போயிருவேன்."

இன்னாசி வாயைத் திறந்தார். நெஞ்சுக்குள் அருமையான ஒரு வார்த்தை தயாராக இருந்தது. ஆனால் மரப்பு மருந்தில் நாக்கு விறகாகக் கிடந்தது, பஞ்சு தொண்டைவரை அடைத்திருந்தது. அவர் கையை ஆட்டினார், தலையை ஆட்டினார், கண்ணை உருட்டினார். அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரித்த சந்தியாகு சிரிப்பிலேயே மற்றதையெல்லாம் மறந்தான். இறக்கப்படாத அந்தப் புகழ் வத்தையின் நிழலைவிட்டு வெளியே போய், மணலைக் கடந்து, தண்ணீரில் இறங்கி, கேட்க வேண்டியவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

பொழுது சாய்வதற்குள் அது வந்துவிட்டது. பனையளவு உயரமும் கருவாட்டுக் களத்தளவு அகலமுமாக, கரிய உடம்பும் வெளுத்த விளிம்புமாக, அது கடலிலிருந்து நடந்து ஏறி, ஏலக்கொட்டகைக்குப் பக்கத்தில், யார் வழியையும் மறிக்காமல், வெறும் மணலில் சுழன்றபடி நின்றது. வழியில் எங்கேயோ எடுத்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும், கரையேறும்போது எடுத்த மிக்கேலம்மாளின் சேவலும் அதற்குள் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஓர் ஓடு விழவில்லை, ஒரு படகு புரளவில்லை, கொடியில் கிடந்த துணிகூட அசையவில்லை. பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "அப்பாடா, ஒண்ணும் பண்ணல" என்று சொல்லிக்கொண்டார்கள்.

"என் சேவலுக்கு யாரு பதில் சொல்றது?" என்று மிக்கேலம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உசுரோடதான் இருக்கு அக்கா. மேல கூவுது பாருங்க" என்றான் சந்தியாகு.

பங்குச்சாமியார் வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். எதையும் உடைக்காமல் வந்து ஓரமாக நிற்பவரைப் புயல் என்று சொல்வது மரியாதையல்ல என்றார். அன்றுமுதல் அதற்கு விருந்தாளி என்று பெயராயிற்று. எப்போது புறப்படுகிறீர்கள் என்று விருந்தாளியிடம் கேட்பது அந்த ஊரில் இல்லாத பழக்கமாகையால், அதை ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காதது ஒருவகையில் நல்லதாகவும் போயிற்று. விருந்தாளியைச் சுற்றிக் கயிறு கட்டி நெத்திலியையும் காரலையும் தொங்கவிட்டால் காலையில் போட்டது மதியத்துக்குள் கலகலவென்று காய்ந்தது. ஈ என்ற ஒன்றே ஊரில் இல்லாமல் போயிற்று. பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டுபோய் அதன் ஓரத்தில் காட்டினார்கள். டீக்கடை மரியான் கொதிக்கக் கொதிக்கக் கிளாசை நீட்டி ஆற்றிக்கொண்டான். பெண்கள் துணி உலர்த்துவதற்கு முறை வைத்துக்கொண்டு, அந்த முறை தப்பியதற்காகச் சண்டை போட, அந்தச் சண்டையைச் சாமியார் தீர்த்துவைத்தார். முதல் வலைவீச்சில் கிடைத்த மீனில் ஒன்றை விருந்தாளிக்கென்று மேலே எறிய வேண்டுமென்று முடிவாகி, அதை எறிகிறபோதே சேவலுக்கு ஒரு பிடி கம்பும் எறிந்தார்கள். வானிலை அலுவலகத்திலிருந்து இருவர் வந்து, காற்றை அளக்கும் குமிழ்க்கருவியை அதன் முன்னால் நட்டுவைத்துப் பார்த்தார்கள், குமிழ் அசையவேயில்லை. எனவே கோரைத்துறையில் காற்று இல்லை என்று முடிவு செய்து, டீ குடித்துவிட்டு எழுந்தபோது, ஒருவருடைய தொப்பி மேலே போய்விட்டது. திரும்பி வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் இப்படி அதைப் பழகிக்கொண்டிருக்க, அது கித்தேரியானைப் பழக்கிக்கொண்டிருந்தது. தினமும் உச்சிவேளையில், கடல் எண்ணெய்போல அசையாமல் கிடக்கிற நேரத்தில், அவன் தன் பாயை விரிப்பான். விருந்தாளி மணலைவிட்டு எழுந்து அவன் பாய்க்குள் புகும். வத்தை கண்ணுக்கு எட்டாத தூரம் போய், பொழுது சாயத் திரும்பும். திரும்பியவன் கண்கள் கழுவிய கிண்ணம்போலப் பளபளக்கும். எங்கே போனாய் என்றால் சிரிப்பான். என்ன குழம்பு வேண்டும் என்றாலும் சிரிப்பான்.

ஒருநாள் காலையில் அமலோற்பவம் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அண்ணே, ஒங்க மாப்பிள்ளைக்குக் காலடி விழல."

"என்னத்தா சொல்ற?"

"ஈர மணல்ல நடந்து வர்றாரு, தடம் இல்ல. கட்டில்ல உக்கார்றாரு, கயிறு தொய்யல. சட்டைக்குள்ள பை வச்சுத் தச்சு, அது நெறைய மணல் கொட்டி விட்டிருக்கேன். அதை உதறிட்டுப் போறாரு. திருவிழாப் போட்டிக்கு அது கூடத்தான் பாய் விரிக்கப் போறாராம். எல்லைக்கொடியச் சுத்தித் திரும்பாம, நேரப் போயிருவாராம். தேடாதீங்கன்னு சொல்றாரு. சிரிச்சுக்கிட்டே சொல்றாருண்ணே."

மாதா திருவிழாவன்று பாய்மரப் போட்டி நடக்கும். கடலில் நட்டிருக்கும் எல்லைக்கொடியைச் சுற்றிக்கொண்டு முதலில் கரைக்குத் திரும்பும் வத்தைக்கு வெண்கல அண்டா பரிசு. அதற்கு அதிக நாள் இல்லை.

இன்னாசி அன்றே விருந்தாளியின் முன்னால் போய் நின்றார். பல் பிடுங்கிய குழி ஆறியிருந்தது. நாக்கு நன்றாகப் புரண்டது. தன் வாழ்நாளில் சொன்ன எதையும்விட உயர்வான வசைகளை அடுக்கடுக்காக எடுத்து வீசினார். கருவாட்டுக் களத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். "நீயெல்லாம் ஒரு காத்தா? சீக்காளி இருமுனா அதுல இருக்குற வேகம் ஒங்கிட்ட இருக்கா? ஒன்னைவிட எங்க சாமியார் பிரசங்கத்துல மரம் நல்லா ஆடும்!" விருந்தாளியோ கொஞ்சு பேச்சைக் கேட்ட குழந்தைபோல இன்னும் குதூகலமாகச் சுழன்றது. இறக்க வேண்டிய நேரத்தில் இறக்காததை அதன்பின் இறக்க முடியாது. அதோடு, மனத்தில் பயத்தை வைத்துக்கொண்டு வாயால் மட்டம்தட்டினால் அது உள்ளூரப் புகழ்ச்சிதான் என்று காற்றுக்குத் தெரிந்திருந்தது.

"பேச்சைக் கேட்டு வந்ததுண்ணே. பேச்சைக் கேட்டுப் போகாது" என்றான் சந்தியாகு.

அதன்பிறகு இன்னாசிக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால், எல்லைக்கொடிக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கும் பாயும், தடமில்லாத மணலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் தங்கையும் வந்தார்கள். பலகையில் ஏறமாட்டேன் என்று அவர் சொல்லிவிடலாம். சொன்னால் கித்தேரியான் பலகையில்லாமலே போவான், கவிழவும் மாட்டான், திரும்பவும் மாட்டான். ஏறினால் என்ன செய்யப்போகிறார் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. கூட இருப்பது ஒன்றுதான் கையில் இருந்தது.

திருவிழாக் காலையில் அமலோற்பவம் பெரிய தூக்குச்சட்டி நிறையச் சோறும், சீலா மீன் குழம்பும், முட்டை வறுவலும் கொண்டுவந்தாள். ஆளுக்கு இரண்டு கிலோ எடையாவது ஏறட்டும் என்பது அவள் எண்ணம். கித்தேரியான் தொடவில்லை, அவன் பார்வை கடலில் இருந்தது. தங்கை கலங்கிவிடக் கூடாதென்று இன்னாசி தன் பங்கையும் தின்றார், மாப்பிள்ளையின் பங்கையும் தின்றார், சட்டியைச் சாய்த்துக் குழம்பையும் வழித்துக் குடித்தார்.

"அண்ணே, அவரு கையில பாய்க்கயிறு இருக்கும். ஒங்க கையில என்ன இருக்கும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இருக்காதுத்தா. பலகையப் புடிச்சுக்கிட்டு இருப்பேன்."

"புடிச்சுக்கிட்டே இருங்க" என்றாள் அவள்.

வெடி போட்டதும் வத்தைகள் கிளம்பின. மற்ற பாய்களெல்லாம் அன்றைய மெல்லிய வாடையில் முனகிக்கொண்டு நகர, விருந்தாளி மணலைவிட்டு எழுந்து, நாற்காலியோடும் சேவலோடும் தொப்பியோடும் கித்தேரியானின் பாய்க்குள் புகுந்தது. வத்தை தண்ணீரைக் கிழித்தது, பிறகு தண்ணீரைத் தொட்டது, பிறகு அதையும் விட்டது; அலைகளின் முதுகைச் சொறிந்துவிட்டுப் போவதுபோல அது மேலே மேலே போக, எல்லைக்கொடி ஒரு கைக்குட்டையாகச் சிறுத்துப் பின்னால் போக, சுக்கானைக் கட்டிக்கொண்டிருந்த சந்தியாகு கண்ணை மூடிக்கொண்டு செபமாலையைத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். கித்தேரியானின் குதிகால்கள் படகின் அடித்தட்டிலிருந்து எழும்பியிருந்தன. கால்விரல் நுனி மட்டும் மரத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

"மச்சான்! பாருங்க மச்சான்! நான் சொன்னேன்ல! இந்தா இதுதான்!" என்று அவன் சிரித்தான், கத்தினான், அழுதான்.

பலகையின் நுனியில் இன்னாசிக்கு ஒரு வினோதம் நேர்ந்தது. இத்தனை இரவுகளும் எது நடந்துவிடுமோ என்று விழித்துக் கிடந்தாரோ, அது இதோ நடந்துகொண்டிருந்தது. இனி விழித்துக் காக்க ஒன்றும் மிச்சமில்லை. பயம், தன் வேலை முடிந்துவிட்டதென்று எழுந்து போய்விட்டது. அது காலி செய்த இடத்தில் இரண்டு பேர் சோறும் சீலா மீன் குழம்பும் இறங்கின. பலகை தொட்டில்போல ஏறி இறங்கியது. முதலில் ஒரு கொட்டாவி வந்தது. தாடை விரிய, கண்ணில் நீர் முட்ட, நிதானமாக வந்து போனது. கைகள் பலகையைத் தழுவிக்கொண்டன. கன்னம் மரத்தில் சாய்ந்தது.

"மச்சான்! இப்பச் சொல்லுங்க, இது காத்தா இல்லையா? மச்சான்!"



"சந்தியாகு, அவரு ஏன்டா பேச மாட்டேங்கிறாரு?"

சந்தியாகு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். "கித்தேரி," என்றான், தன் கண்ணையே நம்பாமல், "அண்ணன் தூங்குறாருடா."

விருந்தாளி சுழற்சியை நிறுத்திக் குனிந்தது. கடல் தாண்டிக் கடல் தாண்டித் தன் புகழைக் கேட்க வந்த அது, தன் மடியின் நடுவில், தன் முழு வேகத்தின் உச்சியில், ஒரு கனத்த மனிதர் வாயோரம் எச்சில் ஒழுகக் குறட்டை விடுவதைக் கேட்டது. ஒரு குறட்டை போய் இன்னொரு குறட்டை வந்தது. வாயால் சொல்லப்பட்ட வசையாக இருந்தால் அது பொறுத்திருக்கும். இது வசையே அல்ல. அங்கே காற்று என்று ஒன்று வீசுவதை அந்த மனிதரின் உடம்பு கவனிக்கவேயில்லை.

பாய் தொய்ந்தது. வத்தை பளாரென்று தண்ணீரில் வந்து விழுந்தது. கித்தேரியானின் இரண்டு குதிகால்களும் அடித்தட்டில் தொம்மென்று இறங்க, அந்த அதிர்ச்சி பலகைவழியே ஓடி இன்னாசியின் தாடையைத் தட்டியது. அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கரை வந்துருச்சா?"

"இந்தக் காத்துலயா தூங்குனீங்க?" என்றான் கித்தேரியான். "மச்சான், இந்தக் காத்துலயா?"

இன்னாசி சுற்றிலும் பார்த்தார். கடல் கண்ணாடிபோல விரிந்து கிடந்தது; பாய் துவண்டு தொங்கியது. அவர் மனத்தில் குறும்பு எதுவும் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"எந்தக் காத்து?"

தொலைவில், அடிவானத்தை ஒட்டி, ஒரு கரிய உருவம் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது. போகிற வழியில் அது கையிலிருந்ததையெல்லாம் உதறிவிட்டுப் போயிற்று. நாற்காலி தண்ணீரில் விழுந்து மிதந்தது. தொப்பி சந்தியாகுவின் மடியில் விழுந்தது. இறக்கையடித்துக்கொண்டே வந்த சேவல் பாய்மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, தலையைச் சிலிர்த்து, ஒரு கூவல் கூவியது.

கித்தேரியான் பாய்க்கயிற்றை விட்டான். உட்கார்ந்தான். முதலில் கோபமாக மூச்சு வாங்கினான். பிறகு தோள்கள் குலுங்கின. அழுகிறானோ என்று பார்த்தால் சிரித்தான், சிரிக்கிறானென்று நினைத்தால் அழுதான். கடைசியில் வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்டான்: "சோறு இருக்கா மச்சான்?"

"நான்தான் தின்னுட்டேனே மாப்பிள."

விருந்தாளி போன கையோடு அந்த மெல்லிய வாடையும் நின்றுவிட்டதால், போட்டிக்கு வந்த வத்தைகளெல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. விசைப்படகு ஒன்று வந்து எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்துக் கட்டி, திருமண ஊர்வலம்போலக் கரைக்கு இழுத்து வந்தது. ஜெயித்தவர் யாருமில்லையாகையால், வெண்கல அண்டா கோயில் அடுப்புக்குப் போய், அதில் ஊருக்கே சோறு வெந்தது.

கரை முழுவதும் ஆட்கள். அமலோற்பவம் தண்ணீரின் ஓரத்தில் நின்றிருந்தாள். கித்தேரியான் வத்தையிலிருந்து குதித்தபோது எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவள் மட்டும் மணலைப் பார்த்தாள். ஈர மணலில் குதிகாலும் விரல்களும் ஆழமாகப் பதிந்து, பதிந்த குழியில் நீர் ஊறி நிறைவதைப் பார்த்தாள். அடுத்த அடியையும் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தபிறகுதான் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் முன்னால் வந்து நின்ற கித்தேரியானின் கண்ணில் பழைய பளபளப்பு ஒரு கணம் எட்டிப் பார்த்தது. "அமலோற்பவம்," என்றான், அவள் முகத்தை நேராகப் பார்த்து, "அது எப்படியாப்பட்ட காத்து தெரியுமா…"

கரை மூச்சை அடக்கிக்கொண்டது. இன்னாசி அவசரமாக வாயைத் திறந்தார். அவருக்கு வேலை வைக்காமல் அவள் சொன்னாள்:

"காத்தா? இத்தன நாள் நின்னுச்சே, கனத்த கருவாடு ஒண்ணையாவது முள்ளு வரைக்கும் காய வச்சுச்சா? மேல மொறுமொறுன்னு, உள்ள ஈரம். எல்லாத்தையும் மறுபடி வெயில்ல போட்டிருக்கேன். கால அலம்பிட்டு வாங்க, சோறு ஆறுது."

கரை விட்ட பெருமூச்சில் மணல்கூடக் கொஞ்சம் அசைந்தது என்பார்கள். கித்தேரியான் அவள் பின்னால் நடந்தான். தண்ணீரின் ஓரத்திலிருந்து வீட்டு வாசல்வரைக்கும், மிக்கேலம்மாளின் சேவல் ஒவ்வொன்றிலும் நின்று நின்று நீர் குடித்துக்கொண்டே போகுமளவுக்கு, அவன் காலடிகள் ஆழமாக விழுந்திருந்தன.